மந்தையின் ஓரத்தில் நின்ற கவிஞர்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று காலை வெளியூர்க் கவிஞர் ஒருவர் தொலைபேசியில் என்னை அழைத்து, "ஐயா, வந்து சேர்ந்துவிட்டேன், மண்டபம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அவர் நின்றுகொண்டிருந்த இடம் கிளாம்பாக்கம் பேருந்து முனையம். 2023 டிசம்பரில் அந்த முனையம் திறக்கப்பட்ட நாள் முதல் நம் ஊருக்கு இந்தத் தொல்லை தீரவில்லை. வண்டலூர்ச் சாலை முழுவதையும் கடந்து வந்து சேர்ந்த அவர், இதோ முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். வழி தப்பியும் மந்தைக்கு வந்து சேர்ந்தவர் என்று அவரை வரவேற்கிறேன். என் பேச்சின் பொருளும் வழி தப்புதலைப் பற்றியதுதான்.

மக்கள் கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்னர் ஓர் ஒப்புதல் வாக்குமூலம் தரவேண்டியவனாக இருக்கிறேன். இந்த வட்டம் தொடங்கிய ஆண்டில், கல்யாணசுந்தரத்துக்கு ஓர் அமர்வு வைக்கலாம் என்று ஓர் அன்பர் முன்மொழிந்தபோது அதை எதிர்த்துப் பேசியவன் நான். மெட்டுக்கு அளந்து எழுதுவது தொழில். அது இலக்கியம் ஆகாது என்றேன். தமிழாசிரியன் சொன்னால் சரியாக இருக்கும் என்று அன்பர்களும் விட்டுவிட்டார்கள். அந்த அமர்வு நடைபெறவே இல்லை.

என் கருத்தை மாற்றியவர் திறனாய்வாளர் எவரும் அல்லர். தையூர்ப் பக்கத்திலிருந்து நம் கூட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர். இளமையில் மாடும் ஆடும் மேய்த்தவர். பள்ளி அதிகம் கண்டவரல்லர். ஒருநாள் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, பாசவலைப் படத்தில் வரும் அந்தச் சொந்தம் பற்றிய பாட்டை மெல்ல முணுமுணுத்தார். மந்தையைவிட்டு வந்த ஆட்டுக்குட்டி யாருக்கு உரியது என்று வரும் இடத்தில் நிறுத்தி, என்னைப் பார்த்துச் சொன்னார்: "குட்டி தானாத் தப்பாதுங்க, வாத்தியாரய்யா. மேய்க்கிறவன் கண்ணசந்தாத்தான் தப்பும். இத எழுதினவன் மேய்ச்சவன்தான்."

அவர் சொன்னதற்கு அன்று என்னிடம் மறுமொழி இல்லை. வீட்டுக்குச் சென்று அகநானூற்றை எடுத்தேன். ஏன் அகநானூறு என்று நீங்கள் கேட்கலாம். பெரியவர் சொன்ன அந்தக் குட்டியையும் அந்த நரியையும் நான் எங்கோ படித்திருக்கிறேன் என்ற நினைவு உறுத்திக்கொண்டே இருந்தது. 274ஆம் பாட்டில் அகப்பட்டது. (அகநானூற்றில் 4 என்று முடியும் எண்ணுள்ள பாட்டெல்லாம் முல்லை. மாணவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தே பாதி வாழ்நாள் கழிந்தது.) பாடியவர் இடைக்காடனார். வினைமுற்றி மீளும் தலைவன் சொல்லும் பாட்டு அது. அதன் நடுவே ஓர் இடையன் நிற்கிறான். தீக்கடைகோலால் மூட்டிய சிறு நெருப்பு. உறி, பானை, தோல். தூறல் அவன் உடலின் ஒரு பக்கத்தை மட்டும் நனைக்கிறது. கோலை ஊன்றித் தனியே நிற்கிறான். உதட்டை மடித்து அவன் விடும் சீழ்க்கை ஒலி விரைந்து சென்று ஒலிக்கிறது. துள்ளித் திரியும் குட்டியைக் கவர்ந்து செல்லலாம் என்று பதுங்கிப் பார்த்துக்கொண்டிருந்த குறுநரி, அந்த ஒலிக்கு அஞ்சி முட்புதருக்குள் ஓடி மறைகிறது.

இதே புலவர் நற்றிணை 142இலும் இதே இடையனைக் காட்டுகிறார். அங்கே அவன் பால் விற்பவன். மழைக்கு முதுகில் ஓலைப்பாய். கருவிகளைத் தோலில் சுருட்டி வைத்திருக்கிறான். அங்கும் அவன் சீழ்க்கைக்குச் சிறுதலை ஆடுகள் வேறு பக்கம் போகாமல் நின்றுவிடுகின்றன. இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். புலவர் ஓர் இடத்தில் நின்று நெடுநேரம் பார்த்திருக்கிறார் என்பது விளங்கும். ஒரு பக்கம் மட்டும் நனையும் உடம்பை, மழையில் கோலூன்றி நின்றவன் அறிவான். அல்லது அவன் அருகில் நின்றவன் அறிவான்.

இடைக்காடனாரே ஆடு மேய்த்தவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் பெயர் இடைக்காடு என்னும் ஊரால் வந்தது என்பர். கோனாரையும் பசுவையும் விளித்துப் பாடிய இடைக்காட்டுச் சித்தர் காலத்தால் மிகப் பிந்தியவர். இருவரையும் ஒருவராக்கிவிடக் கூடாது. ஆனால் இடையன் நெடுங்கீரனார் என்று தொழிலைப் பெயருக்கு முன்னே தாங்கிய புலவரும் அகநானூற்றில் இருக்கிறார். மேய்ச்சல் நிலத்திலிருந்து புலவர் அவைக்கு ஒரு வழி இருந்தது. அந்த வழி பின்னர் அடைபட்டுப் போயிற்றோ என்று தோன்றுகிறது.

அடைபட்ட வழியை ஒரு கதை வேறு விதமாகத் திறக்கிறது. சேக்கிழார் சொல்லும் திருமூலர் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். திருவாவடுதுறைக்கு அருகே சாத்தனூரில் ஆநிரை மேய்க்கும் மூலன் இறந்து கிடக்கிறான். பசுக்கள் அவன் உடலைச் சுற்றி நின்று கதறுகின்றன. வழியே வந்த யோகியார், பசுக்களின் துயரைத் தீர்க்கவேண்டி அவ்வுடலில் புகுகிறார். பின்னர் அந்த உடலிலிருந்தே திருமந்திரம் பிறக்கிறது. இக்கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் உரிமை. நான் கவனிப்பது ஒன்றுதான். ஞானம் சொல்ல வந்த அந்த நூலிலும், ஐம்பொறிகளை மேய்ப்பவன் இல்லாமல் வெறிகொண்டு அலையும் ஐந்து பசுக்களாகச் சொல்லும் பாட்டு ஒன்று இருக்கிறது. மேய்ப்பவன் வந்துவிட்டால் அவையே பால் தரும் என்கிறது. யோகியார் உடலை மட்டும் எடுத்துக்கொண்டார் என்று நினைத்தோம். மூலனின் கவலையும் உடன் வந்துவிட்டது.

இனிக் கல்யாணசுந்தரத்திடம் வருகிறேன்.

பட்டுக்கோட்டைக்கு அருகே செங்கப்படுத்தான்காடு என்னும் சிற்றூரில் 1930 ஏப்ரல் 13ஆம் நாள் பிறந்தார். தந்தை அருணாசலம் அவர்களும் கவி இயற்ற வல்லவர். முசுகுந்த நாட்டு வழிநடைக் கும்மி என்பது அவர் இயற்றியது. வீட்டிலே கும்மி இருந்தது, பள்ளி இல்லை. திண்ணைப் பள்ளிப் படிப்பு ஈராண்டோடு நின்றுபோயிற்று. பிறகு அவர் செய்த தொழில்கள் பதினேழு என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கணக்கிடுவார்கள். உழவு, மாடு மேய்த்தல், மாட்டு வாணிகம், மாம்பழம், இட்லி, முறுக்கு, தேங்காய், கீற்று விற்பனை, மீனும் நண்டும் பிடித்தல், உப்பளக் கூலி, இயந்திரம் ஓட்டுதல், தண்ணீர் வண்டி, பாட்டு, நடிப்பு, நடனம், அரசியல், கடைசியில் கவிதை. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே அதிராம்பட்டினக் கடற்கரை. உப்பும் சேறும் மேய்ச்சலும் கலந்த நிலம். கழியும் உப்புப் பாத்தியும் கண்ட நம் ஊரார்க்கு அதை விளக்கவேண்டியதில்லை.

இந்தப் பதினேழு தொழில் பட்டியலை மேடைதோறும் ஒப்பிக்கிறோம். ஒப்பித்து, வறுமையில் வாடிய கவிஞர் என்று இரங்கிவிட்டு, அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். நான் அவ்வாறே கடந்து போனவன்தான். ஒரு தொழில் ஒருவனுக்குக் கூலியோடு ஒரு பார்வையையும் தருகிறது; அது அவன் சொல்லில் எங்கே தங்குகிறது என்று தேடிப்பார்த்தோமா? உழவர் இயக்கத்தில் நின்றார், பொதுவுடைமைச் சார்பு கொண்டார், ஜனசக்தியில் எழுதினார், புதுச்சேரியில் பாவேந்தரிடம் இருந்து யாப்பும் துணிவும் கற்றார், சக்தி நாடக சபாவில் நடித்தார். இவையெல்லாம் சொல்லப்பட்டுவிட்டன, விரித்துச் சொல்ல என்னைவிட வல்லவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். நான் ஒரு பாட்டில் நிற்க விரும்புகிறேன்.

பாசவலை 1956இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம். இசை விசுவநாதன் - இராமமூர்த்தி. புதியவர் ஒருவரின் பாட்டைப் பார்க்கவே தாம் முதலில் தயங்கியதையும், படித்தபின் அந்தத் தயக்கத்துக்காக வருந்தியதையும் மெல்லிசை மன்னர் பின்னாளில் மனம் திறந்து சொல்லியிருக்கிறார். அவர் ஒரு நாளில் திருந்தினார். எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

பாட்டின் கேள்வி எளியது. இவ்வுலகில் எது யாருக்குச் சொந்தம்? இதற்கு வேதாந்தம் சொல்லும் விடை நமக்குத் தெரியும். ஒன்றும் சொந்தமில்லை, எல்லாம் மாயை. நாடகப் பாட்டுகள் அந்த விடையைச் சொல்லிச் சலித்திருந்த காலம் அது. கல்யாணசுந்தரம் அங்கே போகவில்லை. ஆட்டுக்குட்டி மந்தையிலிருந்து தப்பினால் நரிக்கு என்று தொடங்குகிறார். அந்த நரி அகப்பட்டுக்கொண்டால் அதைப் பிடித்தவனுக்கு. நெறிகெட்ட மனிதனுக்கோ கண்ணில் படுவதெல்லாம். கடைசியில் சட்டம் அவனுக்கு அளந்து கொடுப்பது புதைகுழி நீளம்.

இந்தச் சங்கிலியைப் பாருங்கள். சொந்தம் என்பது பிறப்பால் வருவது, உழைப்பால் வருவது என்றெல்லாம் நூல்கள் சொல்லும். இங்கே அது தப்புதலால் வருகிறது. ஒருவன் கண்ணயர்ந்த இடத்தில் இன்னொருவனின் உடைமை தொடங்குகிறது. இடைக்காடனாரின் முல்லைக் காட்டில் நரி பார்த்துக்கொண்டிருந்தது, இடையன் சீழ்க்கையடித்தான், அது ஓடிவிட்டது. கல்யாணசுந்தரத்தின் பாட்டில் சீழ்க்கை இல்லை. குட்டி நரியின் வாயில் இருக்கிறது. இடையனைத் தேடினேன். பாட்டுக்குள் அவன் இல்லை. கேள்வி கேட்கும் குரல் அவனுடையது என்று உணரச் சற்று நேரமாயிற்று.

கல்யாணசுந்தரம் அகநானூறு படித்து இதை எழுதினார் என்று ஒருவரும் எண்ணவேண்டா. அப்படி ஒரு சான்றும் இல்லை, தேவையும் இல்லை. ஆடும் நரியும் முட்புதரும் அந்த இருவருக்கும் இடையே மாறாமல் இருந்தன. அவ்வளவே.

இங்கே ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். மாடு, உழவு என்றாலே நம்மவர்கள் மணப்பாறை மாடுகளைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற பாட்டைக் கல்யாணசுந்தரத்தின் பெயரில் எழுதிவிடுகிறார்கள். சென்ற ஆண்டு நம் கவியரங்கிலும் ஒருவர் அவ்வாறே சொன்னார். அது மக்களைப் பெற்ற மகராசி (1957) படத்துக்கு மருதகாசி எழுதியது. நல்ல பாட்டு, உழவனுக்கு ஆண்டு முழுவதற்குமான வேலையை வரிசைப்படுத்தித் தரும் பாட்டு. அதில் மாடு பெருமையோடு நடக்கிறது. கல்யாணசுந்தரத்திடம் அத்தகைய அழகிய மாடு அருமை. மேய்ப்பவனுக்கு மந்தையின் அழகைப் பார்க்க நேரம் ஏது? அவன் கண் மந்தையின் ஓரத்தில் இருக்கிறது. எது விலகுகிறது, எந்தப் புதர் அசைகிறது, வரப்பைத் தாண்டிப் பயிரில் வாய் வைக்கப் போவது எது? நடுவில் மேய்கிற ஐம்பது மாட்டையும் அவன் பார்ப்பதில்லை. ஓரத்தில் நிற்கிற ஒன்றைப் பார்க்கிறான்.

இந்தக் கண்ணோடு அவருடைய மற்றப் பாட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். நாடோடி மன்னனில் (1958) தம்பியை உறங்கவிடாத பாட்டு ஒன்று உண்டு. அதில் உறங்கியவர்களின் பட்டியல் வருகிறது. போர்க்களத்தில் உறங்கியவன், பள்ளியில் உறங்கியவன், கடையில் உறங்கியவன். ஒவ்வொருவன் இழந்ததும் என்ன என்று கணக்கு. அந்தப் பட்டியலில் மேய்ப்பவன் இல்லை. ஆனால் உறக்கத்தை இழப்போடு இப்படி உடனுக்குடன் முடிச்சுப் போடுகிற பழக்கம் எங்கே கற்றது? மர நிழலில் அரை நாழிகை கண்ணயர்ந்து, எழுந்து எண்ணிப்பார்த்து, ஒன்று குறைவதைக் கண்டு வயிறு கலங்கிய சிறுவன் கற்ற பாடம் அது. இரும்புத்திரையில் (1960) ஒரு தொழிலாளி கூலி வாங்குகிறான். பையில் போடுவதற்குள் காணவில்லை. காசு எந்த வழியே போயிற்று என்று விளங்காமல் திகைக்கிறான். அந்தத் திகைப்பில் நகைச்சுவை இருக்கிறது. ஆயினும் எண்ணிவிட்ட மந்தையில் ஒன்று குறைந்த திகைப்புத்தான் அது. நாடோடி மன்னனிலேயே விளைந்த காட்டைப் பார்த்து, விளைந்தென்ன, நமக்கு மிஞ்சியது கையும் காலும்தானே என்று பெண் கேட்கிறாள். மீண்டும் அதே கணக்கு. அரசிளங்குமரியில் (1961) சின்னஞ்சிறுவனுக்குச் சொல்லும் அறிவுரையும் வழி விலகாதே என்பதுதான்.

இதை எல்லாப் பாட்டுக்கும் பொருத்தப் போனால் தவறாகிவிடும் என்பதையும் சொல்லவேண்டும். கல்யாணப் பரிசின் (1959) காதல் பாட்டுகளில் இந்த மேய்ப்பவனைத் தேடினால் கிடைக்கமாட்டான். அங்கே இருப்பவர் படத்தின் நிலைமையை நன்கு உணர்ந்து எழுதும் தேர்ந்த பாடலாசிரியர். மெட்டுக்குச் சொல் தேடி நீட்டிய இடங்களும், அறிவுரை மிகுந்து கவிதை குறைந்த இடங்களும் உண்டு. ஏறத்தாழ ஐந்தே ஆண்டுத் திரைவாழ்வில் அவ்வளவு எழுதியவரிடம் இது இல்லாமல் இருக்குமா? முன்பு இந்த இடங்களை மட்டும் காட்டித்தான் நான் வாதாடினேன்.

மேலைநாட்டார் இதை நம்மைவிட எளிதாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் எல்கோ என்னும் சிறு நகரில் மாடு மேய்ப்போரின் கவியரங்கு 1985இல் தொடங்கியது. பண்ணைகளில் உழைப்பவர்கள் தம் தொப்பியோடும் காலணியோடும் மேடையேறித் தாம் கட்டிய பாட்டைச் சொல்கிறார்கள். இரவில் மந்தை மிரண்டு ஓடாமல் இருக்க, குதிரைமேல் சுற்றிச் சுற்றி வந்து மெல்லப் பாடிய பாட்டுகளிலிருந்து வளர்ந்த மரபு அது என்பார்கள். நம் இடையனின் சீழ்க்கைக்கும் அதற்கும் உறவு நெருக்கமானது. நாமோ மேய்ப்பவனைப் பற்றிப் பாடுவோம். அவன் பாடினால் நாட்டுப்புறவியல் துறைக்கு அனுப்பிவிடுவோம்.

கல்யாணசுந்தரம் 1959 அக்டோபர் 8ஆம் நாள் மறைந்தார். அகவை 29. அதற்கு ஈராண்டு முன்னர்தான் திருமணம்; கைக்குழந்தை ஒன்று. அவர் எழுதிய பாட்டுகள் சில அவர் மறைந்தபின் வந்த படங்களில் ஒலித்தன. 1981இல் தமிழக அரசு பாவேந்தர் விருதை அவர் பெயருக்கு வழங்கியது. 1993இல் அவர் பாடல்கள் நாட்டுடைமையாயின. சொந்தம் எது என்று கேட்டவரின் பாட்டு எல்லாருக்கும் சொந்தமாயிற்று. இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கலாம். ஆனால் என் மனம் வேறொன்றை நினைக்கிறது.

தையூர்ப் பெரியவர் இப்போது வருவதில்லை. முழங்கால் வலி என்கிறார். கடைசியாகப் பார்த்தபோது, "பெரியவரே, மாடு எத்தனை இருக்கிறது?" என்றேன். விற்றுவிட்டேன் என்றார். மேய்க்கால் புறம்போக்கு என்று வருவாய்த் துறைப் பதிவேட்டில் ஒரு சொல் உண்டு. ஊர் மாடுகள் மேய்வதற்கென்று விடப்பட்ட பொது நிலம். ஒருவருக்கும் சொந்தமில்லாததால் எல்லாருக்கும் உரியது. அவர் மேய்த்த இடங்களில் இன்று வேலியும் பெயர்ப்பலகையும் இருக்கின்றன. சிறுசேரியில் கணினி வளாகம் வந்தது, பழைய மாமல்லபுரம் சாலை அகன்றது, மனைகளின் விலை ஏறியது. பலருக்கு வாழ்வு வந்தது; என் மகனுக்கும் அங்கேதான் வேலை. குறை சொல்ல எனக்கு வாயில்லை. மாலையில் அச்சாலையின் நடுத்திட்டில் வண்டிகளுக்கிடையே படுத்து அசைபோடும் மாடுகளைப் பார்க்கிறீர்கள் அல்லவா? அவற்றுக்கு மேய்ப்பவன் எங்கே என்று நான் கேட்டதற்குப் பெரியவர், "மேய்க்க எடம் இருந்தாத்தானே ஐயா, மேய்க்கிறவன் இருப்பான்" என்றார். பிறகு அந்தப் பாட்டின் முதலடியை மறுபடி முணுமுணுத்தார். நான் குறுக்கிடவில்லை.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அன்று நான் தடுத்த அமர்வை அடுத்த மாதக் கூட்டத்தில் நடத்தவேண்டும் என்று நானே முன்மொழிகிறேன். கட்டுரை வாசிப்பு ஒன்று போதும். மற்ற நேரம் பாட்டுக் கேட்போம். பெரியவரைத் தையூரிலிருந்து அழைத்துவர வண்டிக்கு நான் பொறுப்பு. மேடையில் அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள்.